நீ என்ன வகை, உனக்கு என்ன தெரியும்?

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் மூவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் என்மேல் உள்ள கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் அலுவலகத்தில் மருமகளுக்காகப் பிடித்து வைத்திருக்கும் எழுத்தர் நாற்காலிக்கு இந்த மாதத்துக்குள் பதில் கேட்டிருந்தீர்கள். அந்தப் பதில்தான் இது. நேராகச் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் பத்தாவதோடு நிற்கப்போகிறேன்? சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் என் மானம் போன கதை. போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பாதிச் சவரத்தில் நிற்கிறேன். பக்கத்து அறையில் உங்கள் மருமகள் யாரிடமோ, "நீ என்ன வகை?" என்கிறாள். சற்றுப் பொறுத்து, "சரி, உனக்கு என்னென்ன தெரியும், சொல்லு" என்கிறாள். பிறகு "அட, இதுகூடத் தெரியுமா உனக்கு!" என்று ஒரு சிரிப்பு. மச்சான், ஒரு தகப்பன் வேறென்ன நினைப்பான்? பெண் யாரையோ பிடித்துவிட்டாள் என்று ஒரு பக்கம் கவலை, விசாரித்துத்தான் எடுக்கிறாள் என்று இன்னொரு பக்கம் பெருமை. இருப்பதில் நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கன்னத்தில் நுரையோடு உள்ளே போய், கணினியைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் தம்பி" என்றேன். திரையில் தம்பி இல்லை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து நாலு வரி இருந்தது. அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் கைகூப்பியபடியே நின்றேன், இறக்கினால் இன்னும் அசிங்கம் என்று.

"அப்பா, இது யாரோ எழுதின ப்ரோக்ராம்ப்பா, சரிபண்ணக் கொடுத்திருக்காங்க. உள்ள இருக்கிறது ஒவ்வொண்ணும் ஒரு பொருள். ஒண்ணு எண், ஒண்ணு எழுத்து, ஒண்ணு பட்டியல். எது என்னன்னு நான் எப்படிக் கண்டேன்? அதனால அதுகிட்டயே கேட்டுடுவேன். என்ன வகைன்னு கேட்டா ஒரே வார்த்தையில சொல்லும். உன்னால என்னென்ன செய்ய முடியும்னு கேட்டா வரிசையா ஒப்பிக்கும்."

"பொய் சொல்லாதா?"

"சொல்லாது. மனுஷனா என்ன?"

எனக்காக ஒரு எழுத்துப் பொருளைக் கேட்டுக் காட்டினாள். மடமடவென்று ஒரு பக்கத்துக்குத் தன் சாமர்த்தியங்களைக் கொட்டியது. என்னைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஓரத்து வெற்றிடத்தை வெட்டலாம், ஒரு எழுத்தை எடுத்து இன்னொன்றை வைக்கலாம் என்று. சில பெயர்களுக்கு முன்னும் பின்னும் இரட்டைக் கோடு. "அதெல்லாம் அதோட உள்வீட்டு விஷயம், கண்டுக்காதீங்க" என்றாள். எவ்வளவு நாகரிகம் பாருங்கள்! அன்று மதியமே உங்கள் தங்கையிடம் போய், "உன்னால என்னென்ன முடியும், ஒரு பட்டியல் சொல்லு" என்றேன். "உங்க பட்டியலை முதல்ல போடுங்க, ஒரு வரியில முடிஞ்சிடும்" என்றாள். உங்கள் வீட்டு ரத்தம் அல்லவா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சலவை ஆலை உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைகளின் விரிப்புகள், உறைகள் எல்லாம் மூட்டையாக வரும். முகப்பில் நானும் இன்னொருவரும் முறை வைத்து மூட்டையை நிறுத்து எடையைக் கணினியில் தட்டுவோம். கணினி எடைகளைக் கூட்டி, எந்த மூட்டை எந்தச் சலவைத் தொட்டிக்கு என்று ஓடுகிற பட்டை வழியே அனுப்பும். போன செவ்வாய் காலை எட்டரைக்கு அது நின்றது. மொத்தமும் நின்றது. அறுவைச் சிகிச்சை அறை விரிப்புகளுக்கு மாலை நாலு மணிக்கு வண்டி வரும். துணி இல்லையென்றால் மறுநாள் அங்கே கத்தியை எடுக்க முடியாது. இயந்திரக் கம்பெனிக்காரன் வர இரண்டு நாள் ஆகும் என்கிறான். மேலாளர் முகம் வெளுத்த துணி. அந்த நேரத்தில் ஒரு வாய் திறந்து, "என் பொண்ணு பார்ப்பா சார்" என்றது. அது என் வாய்தான் என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. நீங்கள்தான் "வீட்டுல உக்காந்து தட்டுறதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்டீர்களே மச்சான், அதுதான் அந்த நிமிஷம் என்னைப் பேச வைத்தது. அவளால் ஏதும் ஆகாமல் போனால், மறுமாதம் உங்கள் நாற்காலிதான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வந்தாள். வாசலில் காவலாளி, "யாரும்மா நீ, என்ன வேலை தெரியும் உனக்கு?" என்றார். அவரும் அதே கேள்விதான்! மேலாளர் ஒரு விரலை நீட்டி, "பாரும்மா, கம்பெனிக்காரன் எழுதினது. ஒரு எழுத்தை மாத்தினாலும் நான் மாட்டிக்குவேன்" என்றார். "மாத்த வரல சார். கேட்க வந்திருக்கேன்" என்றாள் உங்கள் மருமகள். எனக்குச் சட்டைப் பித்தான் இரண்டு தெறித்திருக்கும், வயிறு முன்னமே அந்த வேலையைச் செய்திருக்காவிட்டால்.

கறுப்புப் பலகையைத் திறந்தாள். ஒரு மூட்டையைக் கூப்பிட்டு என்ன வகை என்றாள், மூட்டை என்றது. உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்றாள். மூட்டை எண், வந்த இடம், எடை, தொட்டியில் போடு, திருப்பி அனுப்பு, இன்னும் ஏதேதோ என்று ஒப்பித்தது. எடையிடம் என்ன வகை என்று கேட்டாள், எண் என்றது. "இது ஒழுங்காத்தான் இருக்கு" என்றாள். ஒவ்வொன்றாக அடுத்ததற்குப் போகவில்லை. அன்றைய நானூற்றுப் பதினோரு மூட்டையையும் வரிசையில் நிறுத்தி, ஒரே வரியில், 'எண் அல்லாத எடை வைத்திருப்பவர் மட்டும் கையைத் தூக்கவும்' என்பது போல ஒரு கேள்வி கேட்டாள். ஒரே ஒரு கை எழுந்தது. முந்நூற்று ஆறாம் மூட்டை. அதன் எடை எண் இல்லையாம், எழுத்தாம். திரையில் பார்த்தால்: '18 இருக்கும்'.

மச்சான், ஆலையே சிரித்தது. யாரோ ஒரு மேதாவி, தராசுக் கண்ணாடியில் ஆவி படிந்திருக்க, மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் 'இருக்கும்' என்று தட்டியிருக்கிறான். "எண்ணோட எழுத்தைக் கூட்டச் சொன்னா அது என்ன சார் பண்ணும், பாவம்" என்றாள் இவள். தொட்டி இயக்குகிற 'மொட்டை' தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மூட்டையை மறுபடி நிறுத்து எண்ணை மட்டும் தட்டினோம். பட்டை ஓடியது. நாலு மணி வண்டி நாலேகாலுக்குக் கிளம்பியது, துணியோடு. மேலாளர் எங்கள் முதலாளியின் ஆலை மூன்றுக்கும் அவளே வந்து இந்த ப்ரோக்ராம்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கடிதமே கொடுத்துவிட்டார்.

ஆகவே உங்கள் நாற்காலிக்கு நன்றி. மருமகள் வரமாட்டாள். இதை நான் கூனிக் குறுகி எழுதவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். அக்காவுக்கு என் அன்பு, சின்னவனுக்கு ஒரு முத்தம், உங்கள் முழங்காலுக்கு என் ஆறுதல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: அந்த நாற்காலியை உடனே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டாம், எனக்குத் தேவைப்படலாம். அந்த மேதாவி நான்தான். மறுபடி நிறுத்தபோது சரியாகப் பதினெட்டு இருந்தது என்பதைத் தயவுசெய்து மனதில் வைக்கவும். எந்த மூட்டையை யார் தட்டினார் என்பதும் அந்தப் பொருளுக்குள் இருக்கிறதாம். அவள் கேட்ட பட்டியலில் 'தட்டியவர்' என்றும் ஒன்று வந்தது, நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மேலாளர், "யாரும்மா இதைத் தட்டினது?" என்றபோது, கண் இமைக்காமல், "அதைக் கேட்கிறதுக்கு வழியில்ல சார்" என்றாள். வீட்டுக்கு நடந்து வருகையில் இரண்டு தெரு வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். எண்ணையும் எழுத்தையும் மூட்டையையும் ஒன்று விடாமல் கேட்கிற பிள்ளை, பக்கத்திலேயே நடந்த என்னிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: வகை, அப்பா. தெரிந்தது, உன்னைப் பார்த்துக்கொண்டே நிற்பது.