நான் தூங்கிப்போனது குறித்துத் தங்கைக்கு

அன்புள்ள தங்கை தொணாவுக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்பதை என் மகன் மூலம் அறிந்து மகிழ்ந்தேன். நானும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். அந்த வழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பக்கவாதம் வந்ததிலிருந்து நான் எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கிறேன் என்றும், வருகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்றும் உறவினர்கள் பேசிக்கொள்கிறார்களாம். இரண்டும் தவறு. எல்லோரையும் நன்றாக அடையாளம் தெரிகிறது. அதனால்தான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நம் சின்னம்மா மகன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பாவம், எவ்வளவு கம்பீரமா இருந்தவங்க" என்று என் காதுபடவே சொன்னான். அவனுக்காக நான் கண்ணைத் திறக்க வேண்டுமா? உண்மை என்னவென்றால், ஒன்பது வாரம் நான் சரியாகத் தூங்கவே இல்லை. இதை நீ நம்ப மாட்டாய். என் தூக்கத்தைப் பற்றி உனக்கு இருக்கும் அபிப்பிராயம் எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாதிக்கப்பட்டது வலது பக்கம். பேச்சு பத்தாம் நாளே திரும்பிவிட்டது. வீட்டில் எல்லோரும் ஆனந்தப்பட்டார்கள். பிறகு நான் பேச ஆரம்பித்தேன். கால் கைத்தடியோடு சமாதானமாகிவிட்டது. கைதான் முரண்டு பிடித்தது. முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்த கை, ஒரு துணி மாட்டும் கிளிப்பைத் திறக்க முடியாமல் மேசைமேல் செத்த மீன்போலக் கிடந்தது. பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் ஒரு மணி நேரம் அதனோடு மன்றாடுவாள். மாலையில் கட்டைவிரல் லேசாக அசையும். மறுநாள் காலையில் எல்லாம் மறந்திருக்கும். மருத்துவரிடம் கேட்டேன். இளம் பிள்ளை, சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, அதையும் சொன்னேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "பகல்ல நீங்க கைக்குப் பாடம் எடுக்கறீங்கம்மா. ராத்திரி ஆழ்ந்து தூங்கும்போதுதான் மூளை அந்தப் பாடத்தைத் திருப்பிப் பாத்து பதிய வெச்சுக்குது. அடைபட்ட வழிக்குப் பதிலா வேற வழி போடறதுக்கும் அந்தத் தூக்கம் உதவும்னு நெனைக்கறோம்." நினைக்கிறீர்களா, தெரியுமா என்று கேட்டேன். "இன்னும் ஆராய்ச்சி நடக்குதும்மா" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆணை என் வாழ்நாளில் இரண்டாவது முறையாகப் பார்க்கிறேன். முதலாமவரை மணந்துகொண்டேன். அப்படியானால் மாத்திரை கொடுங்கள் என்றேன். "மாத்திரையில வர்ற தூக்கம் எல்லாம் இந்தத் தூக்கம் ஆயிடாதும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

என் மகனைத்தான் உனக்குத் தெரியுமே. அன்று மாலையே ஒரு பட்டையை வாங்கிவந்து என் மணிக்கட்டில் கட்டினான். அது இரவெல்லாம் விழித்திருந்து, நான் எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்கினேன் என்று காலையில் கோள்மூட்டும். மருமகள் தந்தி வாசிப்பவள்போல வந்து நிற்பாள். "அத்தை, பத்தொம்பது நிமிஷம்." அடுத்த நாள், "பதினாலு." கான்வென்ட்டில் சேர்ந்த நாள் முதல் எந்தப் பரீட்சையிலும் தோற்காத நான், படுத்துக்கொண்டு கண்ணை மூடுகிற பரீட்சையில் தினமும் தோற்றேன். முயற்சி செய்யச் செய்ய மதிப்பெண் குறைகிற பரீட்சை இது ஒன்றுதான்.

உடனே வீட்டில் மௌனம் அமலுக்கு வந்தது. சுவர்க்கடிகாரத்தை இறக்கினார்கள். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய். அழைப்புமணியின் வாயில் பஞ்சு. மகனும் மருமகளும் திருடர்களைப்போல நுனிக்காலில் நடந்தார்கள். சண்டையைக்கூடச் சைகையில் போட்டார்கள். அவன் இரண்டு கையையும் வீச, அவள் கரண்டியை உயர்த்த, ஒரு சொல் இல்லை. பார்க்க மிகவும் நன்றாக இருந்ததால் அன்றும் தூக்கம் வரவில்லை. பிறகு அவன் தொலைபேசியில் கடல் அலைச் சத்தம் வைத்தான். குளியலறைக் குழாயை யாரோ மூடாமல் விட்டுவிட்டார்கள் என்று நான் மூன்று முறை கைத்தடியை ஊன்றி எழுந்து போனேன். அடுத்து, தோள்களைத் தளர்த்துங்கள், தாடையைத் தளர்த்துங்கள் என்று ஒரு பெண் குரல். அவளுடைய உச்சரிப்பைத் திருத்தித் திருத்தியே விடிந்துவிட்டது. யாருக்கும் ஒன்று புரியவில்லை. நாற்பது இரும்புக் கட்டில்கள் போட்ட விடுதி அறையில் வளர்ந்து, பன்னிரண்டு தட்டச்சு இயந்திரங்களின் நடுவே வேலை பார்த்தவளை நிசப்தத்தில் படுக்கவைத்தால், அவள் அந்த நிசப்தத்தை அல்லவா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்?

பத்தாவது வாரம் பயிற்சி நிலையத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் நாத்தனார் ஒரு அலமாரியை எப்படித் தூக்கிப்போனாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "கேளு, கதவு அவளுக்காம், தட்டு எனக்காம். நான் விடுவேனா..." என்பது வரை கேட்டேன். பிறகு என் பெயரைச் சொல்லி உலுக்கினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில், வாயைத் திறந்துகொண்டு, பொது இடத்தில் நான் தூங்கியிருக்கிறேன். பட்டை சொன்னது: ஆழ்ந்த தூக்கம் முப்பத்தெட்டு நிமிடம். மறுநாள் காலை என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைப் போய்த் தொட்டது. இன்றைக்கோ நாளைக்கோ வரவேண்டியதுதான் என்று பயிற்சிப் பெண் சொல்கிறாள். எனக்குத் தெரியும், அந்த அலமாரிதான் காரணம்.

மகன் விடுவானா? தானே பேசுவதாகச் சொல்லிக் கட்டிலருகே செய்தித்தாளோடு உட்கார்ந்தான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம், "அம்மா, தூங்கிட்டீங்களா?" தூங்கியிருந்தாலும் அவனுக்குப் பதில் சொல்லவே எழுந்திருக்க வேண்டும். மூன்றாம் இரவு அவன்தான் தூங்கினான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் படி. விடுதியில் விளக்கை அணைத்ததும் அடுத்த கட்டிலிலிருந்து நீ தொணதொணக்க ஆரம்பிப்பாய், தொணா என்ற பெயரே அப்படி வந்ததுதானே. யார் கதை, எந்த ஊர்க் கதை என்று கணக்கில்லை. பாதியில் ஒரு புதுக் கதை நுழையும், அதன் பாதியில் இன்னொன்று. உன் கதைகளில் ஒன்றின் முடிவுகூட எனக்குத் தெரியாது. அந்தப் படகோட்டியின் மனைவி திரும்பி வந்தாளா? என்னவர் போனபோது நீ வந்து பதினொரு இரவு என் பக்கத்தில் படுத்துப் பேசினாய். எல்லோரும் என் தைரியத்தைப் பாராட்டினார்கள். தைரியமாவது, மண்ணாவது, நான் தூங்கியிருந்தேன், அவ்வளவுதான். இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. இப்போது கட்டிலில் இடது பக்கம் திரும்பிப் படுத்தால், அங்கே ஒரு சுவர் இருக்கிறது. வெள்ளைச் சுவர். அது ஒன்றும் சொல்வதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் போய் இருபதாம் நாள் நீ தொலைபேசியில் அழைத்தாய். "அக்கா, யார்கிட்டயும் சொல்லல. கடைசியா அவர் என்ன சொன்னார்னு உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்றாய். நீ நீயல்லவா, அன்று காலை அவர் செருப்பின் வார் அறுந்ததிலிருந்து ஆரம்பித்தாய். ஆஸ்பத்திரி வாசல் வரை உன் கூடவே வந்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றாய். அதன் பிறகு என் காதில் விழுந்தது, "பரவால்லக்கா. நீ தூங்கு." இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். உன் துக்கம் எனக்குக் கொட்டாவி என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு, நானும் பேசாமல் இருந்தேன். கோபப்பட எனக்கு என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆகவே, மருத்துவக் காரணங்களை முன்னிட்டு, நீ ஒரு மாதம் இங்கே வந்து தங்குவது நல்லது என்று கருதுகிறேன். ஜன்னலோரக் கட்டில் உனக்கு. விளக்கை அணைத்த பிறகு நீ எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். என்னிடமிருந்து "உம்" எதிர்பார்க்கக் கூடாது. இதை வேண்டுகோள் என்று நினைத்துவிடாதே, சிகிச்சை முறை. இந்தக் கடிதத்தை என் வலது கையால்தான் எழுதினேன், ஒரு நாளைக்கு எட்டு வரியாக. முதல் பக்கம் கோழி கிளறியதுபோல இருந்தால் பொறுத்துக்கொள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடு.

உன் மகளுக்கும் உன் முழங்காலுக்கும் என் அன்பும் ஆசியும், முழங்காலுக்குச் சற்றுக் கூடுதலாக.

உன்மேல் என்றும் அன்புள்ள,
அக்கா

பி.கு.: மேலே உள்ளதை மறுபடி படித்தேன். பிழை ஒன்றும் இல்லை, ஆனால் உண்மையும் போதவில்லை. என் தூக்கத்துக்கு நீ வரவேண்டிய அவசியமே இல்லை. என்னிடம் நாலு சொல்லுக்கு மேல் பேசாத மருமகள், தன் அம்மாவிடம் இரவு ஒரு மணி நேரம் பேசுகிறாள் என்று போன வாரம் கண்டுபிடித்தேன். என் அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டேன். நேற்று ஐம்பத்திரண்டு நிமிடம். கை தேறிவிடும். எனக்கு வேண்டியது வேறு. லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறிப் போனாய். பிறகு என்ன நடந்தது? அவர் என்ன சொன்னார்? நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். தொலைபேசியில் மட்டும் சொல்லாதே, உன் குரல் விஷயத்தில் என்னை நான் நம்பவில்லை. படிக்கும்போது நான் ஒருநாளும் தூங்கியதில்லை. எனக்குப் பதில் எழுது.