படக்காரரும் சுத்தமான படமும்

எங்கள் எஸ்டேட்டில், எக்ஸ்ரே எடுக்கும் படக்காரருக்குத் தெரியாத நெஞ்சு ஒன்றுகூடக் கிடையாது. முகத்தை மறந்துவிடுவார், விலா எலும்பை மறக்கமாட்டார். சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் லயத்து வரிசை வீட்டு ஜன்னலில் கண்ணாடி போன இடத்தில் பழைய எக்ஸ்ரே படத்தைத்தான் அடித்துவைத்திருந்தன, குளிருக்குத் தடுப்பாக. அவரும் சிலோனிலிருந்து வந்தவர்தான். வேலைக்குப் போகும்போது ஜன்னல் ஜன்னலாக நின்று, "ஏய் மாரியாயி, ஒன் நெஞ்சத் தலைகீழா மாட்டியிருக்கியே புள்ள!" என்று அதட்டுவார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினுக்கு அவர் வைத்த பெயர் 'நம்மாளு'. கோயம்புத்தூருக்குப் புதிதாக வந்திருந்த ஸ்கேனை யாரும் புகழ்ந்துவிடக்கூடாது. "அது என்னா படம்? மழைநாள் டிவி மாதிரி புள்ளி புள்ளியா! நம்மாளு படத்துல எலும்ப எண்ணலாம்!"

என் மகனுக்குத் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. காலை மடக்கிக்கொண்டு வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "அப்பென்டிக்ஸா இருக்கலாம்மா. ஒரு படம் எடுப்போம். அப்புறம் இங்கேயே வச்சுப் பாக்கலாம், இல்லைன்னா கோயம்புத்தூர்ல ஸ்கேன். நீங்கதான் சொல்லணும்."

வெளியே மழை. குன்னூர் மலைப்பாதையில் மண் சரிவதாகப் பேச்சு. வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? போகாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

படம் வந்தது. சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லைங்களே அண்ணா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

படக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடியே நின்றார். "நம்மாளுக்கு எலும்பு தெரியும் தங்கச்சி. கொடல் வீங்குறது தெரியாது. சிலோன்ல, ஹட்டன்ல எம் மகளுக்கும் இப்பிடித்தான் சுத்தமா வந்துச்சு. சந்தோசமா லயத்துக்குத் தூக்கிட்டுப் போனேன்."

படத்தை என் கையில் கொடுத்தார். என் மகனைக் கம்பளியில் சுற்றி எஸ்டேட் ஜீப்பில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

கோயம்புத்தூரில் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை அழுத்தினார்கள். எனக்கு மழைநாள் டிவிதான் தெரிந்தது. ஸ்கேன் டாக்டர் அதற்குள் வீங்கிய விரல் போல ஒன்றைக் காட்டினார். உடனே ஆபரேஷன். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். பிழைத்தான்.

வெளியே காத்திருந்த படக்காரரிடம் சொன்னேன். "படம் தெளிவாவா இருந்துச்சு?" என்றார்.

"இல்லைங்கண்ணா, புள்ளி புள்ளியாத்தான்."

"நான் சொல்லலே?" என்றவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எதையும் காட்டாத அந்தப் படம் இப்போது எங்கள் ஜன்னலில் இருக்கிறது. எங்கள் ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டு. இருந்தாலும், காலையில் அவர் வரும் நேரத்துக்கு முன்னால், நேராக மாட்டியிருக்கிறேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.