‘கம் ஆன்’ என்றார்கள், போய்விட்டேன்

“…இங்கிலீசு தண்ணி மாதிரி வரும்னு நீருதானவே சொன்னீரு? அது நெசமான்னு பாக்கத்தான் ஊருக்கு லெட்டர் எழுதாம வச்சிருக்கேன். இன்னைக்கு மேடையில பாத்துட்டு எழுதுதேன்,” என்றார் ஸ்டீபன் அண்ணாச்சி, வேனை விட்டு இறங்கும்போதே.

அந்த லெட்டரில்தான் என் கல்யாணம் இருந்தது. பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்த தன் தங்கை எஸ்தருக்கு என்னைப் பார்க்கலாமா வேண்டாமா என்று அண்ணாச்சி எழுதினால்தான் அங்கே பேச்சு நகரும்.

பெண் பேசும் காலத்தில் எந்த ஆண்பிள்ளையும் தன் அசல் அளவில் இருப்பதில்லை. கொஞ்சம் உப்பித்தான் இருப்பான். நான் இங்கிலீஷில் உப்பியிருந்தேன். (ஏசி கம்பெனி ஸ்டோரில் ‘மெட்டீரியல் ரிசீவ்ட்’, ‘மெட்டீரியல் நாட் ரிசீவ்ட்’. இந்த இரண்டும்தான் என் இங்கிலீஷ். மீதியெல்லாம் தலையாட்டல்.)

தொண்ணூறுகளின் நடுவில், துபாயில், வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஆராதனை. எங்கள் தமிழ்க் கூட்டத்துக்கு முன்னால் அதே ஹாலில் கறுப்பின அமெரிக்க இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். விசுவாசம் என்றால் வாரத்துக்கு ஒரு காரியமாவது கையால் செய்துகாட்ட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஒரு வாரம், சண்டை போட்டவனிடம் முதலில் போய்ப் பேசு. மறுவாரம், அம்மாவுக்கு போன் பண்ணு. அன்று எங்கள் பாஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்ததால் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பேசியவர் மார்க்கஸ், இருபத்தைந்து வயது இருக்கும். தமிழில் சொல்ல அடியேன்.

ஆரம்பம் அமர்க்களம். “ரூம்மேட் காய்ச்சலில் கிடந்தால் ஜெபம் பண்ணு. ஆமென் சொன்னதும் எழுந்து போய் சூப் வை,” என்றார் மார்க்கஸ். நான் தமிழில் கஞ்சி வைத்தேன். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். அடுத்த வாக்கியம் ரயில் மாதிரி நீளம். இரண்டாவது பெட்டியிலேயே என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

“ஹெல்ப் ஹிம், லார்ட்!” முன் வரிசையில் ஆறடி உயர டெரன்ஸ்.

எங்கள் சபையில் பிரசங்கத்தின் நடுவே இருமினாலே திரும்பி முறைப்பார்கள். இவரோ என்னைப் பற்றி நேராக ஆண்டவரிடமே புகார் கொடுத்துவிட்டார்!

“டேக் யுவர் டைம்!” என்றார் பக்கத்திலிருந்தவர். டைம் முடிந்துவிட்டது போலிருக்கிறதே என்று வாட்சைப் பார்த்தேன்.

“கம் ஆன்!” என்று கையை வீசினார் டெரன்ஸ்.

கூப்பிடுகிறார். அந்த உடம்பு கூப்பிட்டால் போகாமல் முடியுமா? மைக்கை மார்க்கஸ் கையில் திணித்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, டெரன்ஸ் முன்னால் கைகட்டி நின்று, “எஸ் சார்?” என்றேன்.

(இன்றும் எங்கள் வீட்டில் யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் வருகிற பதில் இதுதான்.)

ஹாலே குலுங்கியது. கடைசி வரிசையில் அண்ணாச்சி கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எஸ்தர் போயாச்சு, கலாஸ், எல்லாம் முடிந்தது என்று முடிவுகட்டினேன்.

டெரன்ஸ் சிரிக்கவில்லை. எழுந்து என் தோளில் கை போட்டு மேடைக்குத் திரும்பக் கூட்டிவந்தார். எனக்கே புரிகிற மாதிரி குட்டிக் குட்டி இங்கிலீஷில் சொன்னார்: “எங்க சபையில பேசுறவன் தடுமாறினா நாங்க சும்மா உட்கார மாட்டோம். சத்தம் கொடுத்துத் தாங்கிப் பிடிப்போம். ‘கம் ஆன்’னா ‘விடாதே, சொல்லு’ன்னு அர்த்தம். இந்த வாரம் எங்க காரியம் நீதான்.”

அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன். மார்க்கஸ் பழைய வாக்கியத்துக்கே வந்தார். நான் பழைய இடத்திலேயே மாட்டினேன். டெரன்ஸ் தோளை விடவில்லை.

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். அண்ணாச்சி எழுந்து நின்று, கர்ச்சீப்பை உயர ஆட்டி, இரண்டு சபைக்கும் கேட்கக் கத்தினார்:

“மெள்ளச் சொல்லும் மாப்ளே! ஒண்ணும் அவசரமில்ல!”