முதல் குடம்

சம்பந்தி வீட்டார் பதினோரு பேர் கோலாரில் பஸ் ஏறிவிட்டார்கள். பார்வதம்மா வீட்டில் இருந்ததோ அரைச் சொம்புத் தண்ணீர்.

இன்றைக்குத் தண்ணீர் லாரி வரும் என்பது லைன் வீடுகள் முழுக்கத் தெரியும். எங்கே நிற்கும் என்பதுதான் ஒருத்தருக்கும் தெரியாது. விசாரிக்கக் கிளம்பிய பார்வதம்மா, இடுப்பு கடுக்கவே பச்சைக் குடத்தை ரேஷன் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, நாலு தெரு சுற்றினாள்.

பயனில்லை. திரும்பி வந்தால், கடை வாசலில் அனுமார் வால் போல வரிசை!

"லாரி இங்கதான்னு யார் சொன்னது?"

"டைட்டஸ் அண்ணன்" என்றாள் எதிர்வீட்டு இசபெல்லா.

டைட்டஸ் கையை விரித்தார். "எனக்கு இன்னா தெரியும்? மனோகர் குரூப்ல போட்டான்."

மனோகர் போனை நீட்டினான். "போட்டோவே கீது பாருங்கக்கா!"

போட்டோவில் தன்னந்தனியாக ஒரு பச்சைக் குடம்.

"அடக் கடவுளே! அது என் குடம்ப்பா. லாரி எங்க நிக்கும்னு எனக்கே தெர்ல!"

இசபெல்லாவின் கண்கள் சுருங்கின. "நம்மள கெளப்பிட்டு, தான் மட்டும் புடிக்கலாம்னு பாக்குது!"

ஒருத்தரும் அசையவில்லை. நம்ப வைக்க வேறு வழியில்லாமல், குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள் பார்வதம்மா.

"தூக்கிட்டா! வேற எடம் தெரிஞ்சிபோச்சி!"

பின்னால் முப்பது பேர் குடமும் டிரம்முமாகக் கிளம்பினார்கள். மாதா கோயில் முனையில் போன் அடித்தது. குடத்தை இறக்கி வைத்து எடுத்தாள்.

"அம்மா, பஸ் எறங்கிட்டாங்களாம்!" என்றாள் மகள் ராதிகா.

பார்வதம்மா பேசி முடிப்பதற்குள் அத்தனை பேரும் முண்டியடித்து வரிசை கட்டிவிட்டார்கள். பச்சைக் குடம் உருண்டு கடைசிக்குப் போயிருந்தது.

அப்போது ஹாரன் கேட்டது. ரேஷன் கடையைத் தாண்டி, நேராக மாதா கோயில் முனைக்கே வந்து நின்றது லாரி.

"பாத்தியா! தெர்லன்னு இன்னா நடிப்பு நடிச்சா!"

முப்பதாவது ஆளின் டிரம் நிறைந்ததும் குழாய் இருமலோடு நின்றுவிட்டது.

காலிக் குடத்தோடு டிரைவரிடம் போனாள் பார்வதம்மா. "ஏங்கண்ணா, இங்க நிறுத்தச் சொல்லி ஒங்களுக்கு யார்தான் சொல்றாங்க?"

"எனக்கு யாரும்மா சொல்றாங்க? குடம் எங்க கீதோ அங்க நிறுத்துவேன். ஒங்க வாசல்ல வச்சிருந்தா, அங்கயே வந்திருப்பேன்!"