கட்டைக்கும் கெட்ட ரத்தம்

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் ஓசூர்ச் சுற்றுவட்டாரத்துக்கே திடீரென்று கால் வலித்தது. அதற்கு முன்னாலும் வலித்திருக்கும். ஆனால் அதைத் தீர்க்க ஒரு சாமி வந்த பிறகுதான் கால்வலிக்கே ஒரு மரியாதை வந்தது. பாகலூர்ச் சாலையில் ஒரு மாந்தோப்பு. தோப்பில் ஒரு பந்தல். பந்தலுக்குள் பாதாளச் சாமி. தமிழருக்குத் தமிழிலும், கன்னடக்காரருக்குக் கன்னடத்திலும், தெலுங்குக்காரருக்குத் தெலுங்கிலும் ஒரே பொய்யைச் சொல்லும் புலமை அவருக்கு இருந்தது.

"கல்லாவியில ஒரு ஆளு எட்டு வருஷமா படுத்த படுக்கையாம். சாமி தொட்டாரு, எழுந்து சந்தைக்கு ஓடிட்டானாம்!" என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். கல்லாவியிலிருந்து வந்தவர்களைக் கேட்டால், அவன் மத்தூர்க்காரன் என்றார்கள். மத்தூர்க்காரர்கள் கல்லாவிக்காரன் என்றார்கள். ஆள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தான்.

இந்தக் கூட்டத்தை ஏற்றி இறக்கியவன் கண்டக்டர் சூசை. தினம் பத்து மணி நேரம் நின்றபடியே டிக்கெட் கிழிக்கிற வேலை. காலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. பெங்களூர் நடைபாதையில் ஆசைப்பட்டு வாங்கியது. முனை எலி மூஞ்சி மாதிரி கூர்ந்திருக்கும். பார்த்தால் சினிமா நடிகன். நடந்தால் சிலுவைப்பாதை. சாயங்காலம் கழற்றும்போது சுண்டுவிரல் இரண்டும் பழுத்த மிளகாயாய்ச் சிவந்து கிடக்கும்.

ஒருநாள் வலி பொறுக்காமல், அவனும் தோப்பு வரிசையில் நின்றான்.

சாமி உயர்ந்த பீடத்தில், இடுப்புக்குக் கீழே பட்டுப் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். சூசையின் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"போன ஜென்மத்துல ஒரு நாகத்த மிதிச்சிட்ட. பாதாள தோஷம். கெட்ட ரத்தம் கால்ல தேங்கி நிக்குது."

போன ஜென்மத்தைப் பற்றிச் சூசை மாதா கோயிலில் படித்த ஞானோபதேசத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் வலிக்கிற காலுக்கு ஞானோபதேசமா தெரியும்? தலையாட்டினான்.

சீடன் ஒருவன் இரண்டு பாதத்திலும் ஏதோ ஒரு தைலத்தை அப்பினான். பிறகு பளிங்கு மாதிரித் தெளிந்த தீர்த்தம் நிறைந்த தாம்பாளத்தில் காலை வைக்கச் சொன்னான். வைத்த மறுகணம் தண்ணீர் செக்கச்செவேலென்று ஆயிற்று.

"அய்யோ! எவ்ளோ ரத்தம்!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சூசைக்கு மயக்கமே வந்தது. தெளிந்தபோது அவன் சம்பளத்தில் பாதி சாமியின் மடியிலும், மந்திரித்த மரப் பாதக்குறடு ஒரு ஜோடி அவன் கையிலும் இருந்தன. தோல் செருப்பு தோஷமாம். நாற்பத்தெட்டு நாளைக்குக் குறடுதானாம்.

மறுநாள் காலை பஸ் புறப்பட்டது. டிரைவர் கங்கப்பன் கால் மைல்கூடப் போகவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"என்னாண்ணா?" என்றான் சூசை.

"இன்ஜின்ல டக்கு டக்குன்னு சத்தம் வருதுப்பா."

"அது இன்ஜின் இல்லண்ணா. நானு."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அடுத்த வளைவில் கங்கப்பன் பிரேக் போட்டார். குறடு வழுக்கியது. சூசை பின்சீட்டிலிருந்து முன்சீட்டு வரை சறுக்கிக்கொண்டே போய், அன்றைக்கென்று ஏறியிருந்த செக்கிங் இன்ஸ்பெக்டரின் மடியில் குழந்தையைப் போல உட்கார்ந்தான். குறடு ஒன்று பறந்து அவர் முழங்காலைப் பதம் பார்த்தது.

"நாளைக்கு ஒழுங்கா ரெண்டு கால்ல நிக்கிற மாதிரி வா," என்றார் இன்ஸ்பெக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "இல்லன்னா வராத."

வேலை போனால் வீட்டில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் என்ன ஆவது? சாயங்காலம் சூசை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருந்த ஜமீர் அகமதுவிடம் போய் நின்றான்.

"பாய், இந்தக் குறட்டுக்கு வார் போட்டுக் குடுங்க. வழுக்குது."

ஜமீர் குறட்டைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "முன்னாடி என்னா மாட்டியிருந்த?"

சூசை பையிலிருந்த எலிமூஞ்சி ஷூவை எடுத்துக் கொடுத்து, நாகம், தைலம், தீர்த்தம் என்று சாமி கதையையும் சொன்னான். ஜமீர் தரையில் ஒரு பழைய தினசரியை விரித்து, "ஏறி நில்லு," என்றார். காதிலிருந்த பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு அந்தக் கோட்டின்மேல் ஷூவை வைத்தார். ஷூவுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குப் பாதக் கோடு வெளியே தெரிந்தது.

"நாகத்த நீ மிதிக்கல. உன் கால இது மிதிச்சிருக்குது."

"ஆனா பாய், கெட்ட ரத்தம் வந்துச்சே! என் கண்ணால பாத்தன்!"

"கால்ல இருந்து வந்துச்சா, தைலத்துல இருந்து வந்துச்சா? கட்டைக்கு ரத்தம் கிடையாது. நாளைக்கு அதே தைலத்த இந்தக் குறட்டுல பூசி முக்கிப் பாரு. தெரிஞ்சிடும்."

அன்று ராத்திரியே அவனுக்கு அகலமான முனை வைத்த செருப்பு ஒரு ஜோடி தயாராயிற்று. அடியில் பழைய டயர், மேலே மெத்தென்ற தோல். போட்டுப் பார்த்த சூசை கடைக்குள்ளேயே நாலு தடவை நடந்தான். ஐந்தாவது தடவை குதித்தான்.

மறுநாள் புதுச் செருப்போடு வேலைக்கு வந்த சூசை, மத்தியானம் பஸ் தோப்பருகே நின்றதும் குறட்டோடு இறங்கினான். தோப்பில் திருவிழாக் கூட்டம். சூசை வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் போனான். "சாமி, எனக்கு வலி போயிடுச்சு. ஆனா உங்க குறடுதான் வலிக்குதுன்னு அழுவுது!"

கூட்டம் சிரித்தது. சீடன் சுதாரிப்பதற்குள் சூசை தைலக் கிண்ணத்தில் கையைவிட்டு, குறடு முழுக்கப் பூசி, தாம்பாளத்தில் முக்கினான்.

தண்ணீர் செக்கச்செவேலென்று ஆயிற்று.

மந்திரித்த மாமரக்கட்டையிலிருந்து கெட்ட ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

வெற்றிலைக் கூடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெங்கடம்மாள்தான் முதலில் எழுந்தாள். தாம்பாளத்தில் விரலை விட்டாள், மோந்தாள். "அட பாவிங்களா! தைலத்துல மஞ்சளு, தண்ணியில சுண்ணாம்பு! இது ஆரத்தித் தண்ணிடீ!"

வாழ்நாளில் ஆளுக்கு ஐம்பது கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்த கைகள் அத்தனையும், மூன்று வாரமாக அதே ஆரத்தியைத்தான் கும்பிட்டிருந்தன.

சாமிக்கு மூன்று பாஷையும் ஒரே நேரத்தில் மறந்துபோயிற்று. பட்டுப் போர்வையை உதறிவிட்டு எகிறிக் குதித்து ஓடினார். அப்போதுதான் ஊர் அவருடைய பாதத்தைத் தரிசித்தது: உள்ளே தடித்த கம்பளிக் காலுறை, வெளியே மெத்தென்ற கேன்வாஸ் ஷூ, அளவெடுத்த மாதிரி கச்சிதம்! மரக்குறடு போட்ட பக்தர்கள் துரத்திப் பார்த்தார்கள். பத்தடிக்கு ஒருவராக வழுக்கி விழுந்தார்கள். ஆனாலும் கங்கப்பன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தியதில் சாமி சாலையில் மாட்டிக்கொண்டார். போலீஸ் வந்து ஏற்றிப்போனது.

சூசையின் வேலை நிலைத்தது. அவன் செருப்பின் புகழ் ஓசூர் முழுக்கப் பரவியது. அடுத்த திங்கட்கிழமை ஜமீர் கடை திறக்கும்போது வாசலில் நீண்ட வரிசை. முன்னால் நின்றவர் தட்டில் தேங்காய், பழம், ஊதுபத்தி.

"பாய், சூசைக்கு மந்திரிச்ச அதே செருப்பு எங்களுக்கும் வேணும்!"

ஜமீர் தட்டைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"கால இங்க வையுங்க, அளவெடுக்கறன். தலைய வீட்டுலயே வச்சிட்டு வந்தவங்க, முதல்ல போயி அத எடுத்துகினு வாங்க."