தே தாரேக் பையில் ஒரு செல் சவ்வு

ஆராய்ச்சி மாணவனிடம் "என்ன படிக்கிறீர்கள்?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் சொல்லித் தொலைப்பான். அந்த ரகத்தில் நான் முதல் ஆள்.

லாபுவில் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோராக இருந்தவரின் மகள் கோமதியைப் பெண் பார்க்க, அம்மாவோடு போயிருந்தேன். அதற்கு முன் பார்த்த இடங்களிலெல்லாம் "பையன் இன்னுமா படிக்கிறான்?" என்று கைகழுவிவிட்டார்கள். இதுவும் போனால் நீயே தேடிக்கொள் என்று அம்மா காரிலேயே சொல்லிவிட்டார். எனக்கோ கோமதியின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அன்று பார்த்து அவர்கள் வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. கோமதியின் அப்பா கடையிலிருந்து தே தாரேக்கை, அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீரை, பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாங்கிவந்தார். டம்ளர் வருவதற்குள் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி என்னா ஆராய்ச்சி பண்றீங்க?"

"ஈஸ்ட் மாமா. ரொட்டி மாவு பொங்கப் போடுவாங்களே, அந்த செல்லு. அதுக்கு ஸ்பிங்கோலிப்பிட்னு ஒரு கொழுப்பு வேணும். அத குறைச்சா என்னா ஆவுதுன்னு பாக்குறேன்."

"பட்டினி போடுறீங்களா? பாவம் லா!"

அம்மா என் தொடையைக் கிள்ளினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தினால் அது நானா?) ஒரு பையைக் கையில் எடுத்தேன்.

"இதான் செல்லு. இந்த பிளாஸ்டிக்தான் சவ்வு. இது உறுதியா இருக்க அந்த கொழுப்பு வேணும் மாமா. பத்தலைன்னா செல்லு சுதாரிச்சுக்கும், வளர்றத குறைச்சுக்கும். மீறி வளந்தா சவ்வு தாங்காது. இப்படி..."

அமுக்கினேன்.

பாதி மாமாவின் வெள்ளை ஜிப்பாவில், மீதி தட்டிலிருந்த பூவிலும் பழத்திலும். நல்லவேளை, தே ஆறிப்போயிருந்தது. மாமாவின் மீசையிலிருந்து சொட்டியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு. அழுகையே வந்துவிட்டது.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே டம்ளர்களோடு வந்த கோமதி அப்படியே நின்றாள்.

"தாங்காதுன்னா செல்லே சுதாரிச்சுக்கும்னு சொன்னீங்களே?"

"ஆமாங்க."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏங்க அந்த மூளை இல்ல?"

மாமாதான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏம்மா, இவர கட்டிக்கிறியா?"

"கட்டிக்கிறேன்பா. தனியா விட்டா ஆபத்து."

இன்று என் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருக்கிறது. ஆனாலும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாமா என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"நம்ம மருமகன், பெரிய ஆராய்ச்சியாளர். கொஞ்சம் தள்ளி உக்காருங்க லா."