அடை படுக்காத கோழியும் செல்வியின் சம்பந்தமும்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, தங்கை செல்வி, நான், தரகர் இருசப்பன், கடத்தூரிலிருந்து செல்வியைப் பெண் கேட்டு வந்திருந்த மாப்பிள்ளை கோவிந்தராஜ், அவருடைய அம்மா, அவருடைய தாய்மாமன் மாதையன். கொல்லையில் பதினோரு வெள்ளைக் கோழிகள். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா, லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய்ப் பக்கம் போயிருந்தார். இன்னொருவர் சேவல்.

அப்பா இல்லாததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. லாரி ஓட்டுகிறவர் வீட்டில் அது சகஜம். சேவல் இல்லாததுதான் வினையாகப் போயிற்று. அதை இல்லாமல் ஆக்கியவன் நான்.

இது நடந்தது எண்பதுகளின் நடுவில். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். பிளஸ் டூ பாஸ். எங்கள் வீட்டில் அது ஏறக்குறைய டாக்டர் பட்டம். ரேஷன் கார்டில் பேர் திருத்துவதிலிருந்து மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் என்ன கொடுப்பது என்பதுவரை என்னைத்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. (அப்புறம் எதற்குடா படிக்கவைத்தோம் என்று அப்பா கேட்டுவிட்டால்?) ஆகவே யார் எதைக் கேட்டாலும் முகத்தை யோசிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவேன்.

வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த அந்த நாட்களில் தருமபுரியில் கோழி வளர்ப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. மத்தியானச் சோறும் பஸ் காசும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். போகும்போது சும்மா போனவன், திரும்பும்போது கோழி விஞ்ஞானியாக வந்தேன்.

அம்மாவிடம் அப்போது இருந்தவை சிறுவிடை என்று சொல்கிற சின்ன நாட்டுக்கோழிகள். ஒன்று புள்ளி, ஒன்று சாம்பல், ஒன்றுக்குக் கழுத்தில் மயிரே கிடையாது. கூடவே இரண்டு சேவல்கள். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் கோழி அடை படுத்துவிடும். குஞ்சு பொரித்து, அதுகளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக மேய்ந்து, மறுபடி முட்டைக்கு வருவதற்குள் நமக்கு முட்டையின் ருசியே மறந்துவிடும். பயிற்சி பெற்ற என் கண்ணுக்கு இது சம்பளத்தோடு கூடிய நீண்ட விடுப்பாகத் தெரிந்தது. சேவல்களோ வேலையே பார்க்காமல் சம்பளம் மட்டும் வாங்குகிறவை.

எந்த இனத்தை வாங்குவது என்று தீர்மானிப்பதற்குள் நான் பட்ட பாட்டை மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூடப் பட்டிருக்க மாட்டார்கள். ரோட் ஐலண்ட் ரெட் பார்வைக்கு நன்றாக, செவசெவ என்று உடம்பாக இருக்கும். ஆனால் தீனி அதிகம். ஆஸ்ட்ரலார்ப் கன்னங்கரேல், கருங்கோழி என்றால் மாந்திரீகத்துக்கு என்று எவனாவது திருடிப் போய்விடுவானோ என்று கவலை. வெள்ளை லெகார்ன் கொஞ்சமாகத் தின்னும், வருஷம் பூராவும் முட்டையிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடை படுக்காது. அந்தக் குணத்தையே இனத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பயிற்சியில் சொன்னபோது எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

"அடை படுக்கலன்னா குஞ்சுக்கு எங்கடா போறது?" என்றாள் அம்மா.

"குஞ்சு எதுக்கும்மா? முட்டைய வித்துக் காசு பாக்கலாம்."

"சேவலு?"

"முட்டை போட சேவலே வேணாம்மா. சயின்ஸ்ல இருக்குது."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா கொல்லையில் மேய்ந்த சேவல்களைப் பார்த்தாள். பிறகு, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். என் வாழ்நாளில் என்னை மிகவும் பயமுறுத்திய வாக்கியம் இதுதான்.

அதியமான்கோட்டை காதர் பாய் ஊர் ஊராகச் சைக்கிளில் வந்து கோழி வாங்குகிறவர். இரண்டு சேவலையும் சேர்த்து எல்லாவற்றையும் அவருடைய கூடையில் ஏற்றிவிட்டேன். அதில் செவலைச் சேவலை அம்மா எதற்காகப் பொத்திப் பொத்தி வளர்த்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

லெகார்ன்கள் பன்னிரண்டு வந்தன. ஒன்றை முதல் வாரமே பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. (நாட்டுக்கோழி மண்ணோடு மண்ணாக மறைந்துகொள்ளும். இவை தும்பைப்பூ வெள்ளை. பருந்துக்குத் தேடுகிற வேலையே மிச்சம்.) சுபாவத்தில் என்னைப் போலவே. ஒரு சொம்பு கீழே விழுந்தால் போதும், அத்தனையும் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். ஆனால் முட்டை விஷயத்தில் பயிற்சி பொய் சொல்லவில்லை. அம்மாவின் முந்தானை முடிச்சு பெருத்துக்கொண்டே வந்தது. இரண்டு மாதம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் இருசப்பன் கோவிந்தராஜ் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளைக்கு பஸ்சில் கண்டக்டர் வேலை. முன்பு வந்த இரண்டு வரன்களுக்கும் உதட்டைப் பிதுக்கிய செல்வி, இவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இவரு பரவால்ல" என்றாள். செல்வி வாயிலிருந்து இது வந்தால் தாலி கட்டின மாதிரி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். முடிந்துவிட்டதென்றால் பெண் வீட்டார் தாங்கள் வளர்த்த கோழியை அடித்துச் சோறு போடவேண்டும். அவர்கள் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குமேல் பின்வாங்குவதென்பது கிடையாது. அன்றைக்குச் சும்மா பார்த்துவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தோம். ஆனால் மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்களுக்குத் திருப்திங்க. சோத்தப் போடுங்க, கை நனைச்சிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். செவலைச் சேவலை எதற்காக வளர்த்தாள் என்பது எனக்கு அந்தப் பார்வையில்தான் விளங்கியது.

வேறு வழியில்லாமல் ஒரு லெகார்னைப் பிடித்து அடித்தோம். குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. கால் கழுவக் கொல்லைப்பக்கம் வந்த மாதையன் வெள்ளை இறகுகளைப் பார்த்தார். கூரைமேல் வரிசையாக நின்ற மிச்சப் பத்தையும் பார்த்தார்.

"இது எந்த ஊருக் கோழி தம்பி?"

தெரியாது என்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வி என் பாடத்திலிருந்து வந்துவிட்டது.

"வெள்ளை லெகார்னுங்க. இத்தாலி நாட்டு இனம். தீனி கம்மி, முட்டை ஜாஸ்திங்க."

"சேவலக் காணமே?"

"சேவலே தேவையில்லீங்க."

"அப்ப அடை?"

"படுக்காதுங்க" என்றேன் பெருமையாக. "அந்தக் குணமே இல்லாமப் பண்ணிட்டாங்க. குஞ்சு, கிஞ்சுன்னு ஒரு தொந்தரவும் கெடையாது."

மாதையன் சொம்பைக் கீழே வைத்தார். பத்துக் கோழிகளும் கூரையின் அந்தக் கோடிக்குப் பறந்தன.

"இருசப்பா, இங்க வா. சேவலில்லாத வூட்ல, அடை படுக்காத கோழியை, குஞ்சே பொரிக்காத கோழியை அடிச்சு சம்பந்தத்துக்குச் சோறு போடறாங்களாம். எங்க பையன் வம்சம் விளங்குமா?"

"தம்பி படிச்சவரு, அதான்..." என்று இழுத்தார் இருசப்பன். அது எனக்கு ஆதரவா எதிர்ப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் செல்வியைப் பிடித்துவிட்டிருந்தது. "ண்ணா, கோழிதான, வுட்டுத் தள்ளு" என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். கோவிந்தராஜ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இருசப்பன் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிப் பேசி, கடைசியில் மாதையனிடமிருந்து ஒரு தீர்ப்பை வாங்கிவந்தார்: சேவல் அடித்துக் குழம்பு வைக்கவேண்டும். குஞ்சுகளோடு ஒரு கோழி வாசலில் மேயவேண்டும். கடைசி பஸ்சுக்குள் இது நடந்தால் கை நனைப்பார்கள். இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பார்கள். அதுவரை எங்கள் வீட்டில் இருக்கமாட்டார்களாம். பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடைப் புளியமரத்தடிக்கு நான்கு பேரும் போய்விட்டார்கள்.

செல்வி என்னிடம் வந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"ணா, வேணாம்னா அத நானே சொல்லிக்குவன். உன் கோழி சொல்லத் தேவையில்ல."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, முட்டை விற்ற பணம் அத்தனையையும் என் கையில் கொட்டினாள். படிச்ச புள்ள என்று இந்தத் தடவை சொல்லவில்லை. வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதியமான்கோட்டைக்கு மிதித்தேன். பெங்களூர் ரோட்டில் ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடிக்கும்போது அது கடத்தூர் பஸ் என்றே தோன்றியது. (அது அந்த ரோட்டிலேயே வராது. பயத்துக்கு ரூட் நம்பர் எங்கே தெரியும்?)

காதர் பாய் வீட்டு வாசலில் எங்கள் புள்ளிக்கோழி மேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு பட்டாளம் குஞ்சு. செவலைச் சேவல் திண்டுமேல் நின்று என்னை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தது.

"பாய், இந்தக் கோழியும் சேவலும் வேணும்."

"வா தம்பி. நீதான லாயக்கில்லாத கோழின்னு தள்ளிவுட்ட?"

"அடை படுக்குதேன்னு சொன்னனுங்க."

"ஆமா, படுத்துச்சே. நல்லாப் படுத்துச்சு" என்று குஞ்சுகளைக் காட்டினார். "இப்ப இது ஒரு கோழி இல்ல தம்பி, குடும்பம். குடும்பத்துக்கு வெல வேற."

பேரம் பேச எனக்கு நேரமுமில்லை, முகமுமில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் விலையை ஏற்றியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. சேவலை ஹாண்டில்பாரில் தலைகீழாகக் கட்டி, குடும்பத்தைக் கூடையில் பின்னால் வைத்து மிதித்தேன். வழி நெடுக தாய்க்கோழி கூடை இடுக்கு வழியாக என் முதுகைக் கொத்திக்கொண்டே வந்தது. அதற்கு நியாயம் இருந்தது. குஞ்சுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று திரும்பிப் பார்க்கப் பயந்து, பார்க்காமலே வந்துசேர்ந்தேன்.

கூடையைத் திறந்ததும் புள்ளிக்கோழி வெளியே வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தது. விருந்தாளி மாதிரி தயங்காமல், தன் பழைய இடத்துக்கு, அம்மியடிக்கு நேராகப் போய் மண்ணைக் கிளற ஆரம்பித்தது. குஞ்சுகள் பின்னாலேயே ஓடின. லெகார்ன்கள் மொத்தமும் கூரைக்குப் போய்விட்டன, மறுநாள்தான் இறங்கின. சேவலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது குழம்பு ஆனது.

பொழுது சாயும் நேரத்தில் மாதையனை இருசப்பன் கூட்டிவந்தார். அவர் வாசலில் நின்று கோழியைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், குழம்பை மோந்தார். இலை முன்னால் உட்கார்ந்தார். "ஊத்துங்க" என்றார். கை நனைந்தது. கடைசி பஸ்ஸில் அவர்கள் ஏறிப்போன பிறகுதான் நான் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அம்மா அடுப்படியில் மூடிவைத்திருந்த லெகார்ன் குழம்பு எனக்குத்தான். ரப்பர் மாதிரி இருந்தது. முழுவதையும் தின்றேன்.

அன்றிலிருந்து நான் குடும்பத்தில் 'லெகார்ன்'. செல்வி கல்யாணமாகி முழுகாமல் இருந்தபோது கோவிந்தராஜ் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "மச்சான், உங்க தங்கச்சி அடை படுத்துட்டா" என்றுதான் சேதி சொன்னார்.

ஆனால் பெரிய வேடிக்கை கல்யாணத்துக்கு முந்தின வாரம் தெரிந்தது. பெட்டிக்கடைக்காரர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: அன்றைக்குப் புளியமரத்தடியில் மாதையன் ஒரு கோலி சோடா குடித்தாராம். "உங்க வூட்டுக்கு வந்தவங்ககிட்ட நான் காசு வாங்குவனா? உங்க கணக்குல வச்சிட்டன்." அதுவும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே.

கல்யாணப் பந்தலில் அம்மா சம்பந்தியம்மா முன்னாலேயே கேட்டுவிட்டாள்: "ஏங்க, எங்க கணக்குல சோடா குடிச்சப்பவே கை நனைஞ்சிடுச்சுங்களே. அப்பறம் எதுக்குங்க என் புள்ளைய அந்த ஓட்டம் ஓட வுட்டீங்க?"

"அது சோடாங்க, தண்ணியில்ல" என்றார் மாதையன். இன்றைக்கும் எந்த விசேஷத்தில் இரண்டு குடும்பமும் கூடினாலும் இந்த வழக்கு ஒருமுறை விசாரணைக்கு வரும். தீர்ப்பு இன்னும் வரவில்லை. கணக்கு மட்டும் முடிந்துவிட்டது: சேவலுக்கு நாற்பத்தைந்து, குடும்பத்துக்கு எழுபது, வாடகைச் சைக்கிளுக்கு ஒன்று, சோடாவுக்கு ஐம்பது காசு. செல்வியின் சம்பந்தத்துக்கு ஆனது நூற்றுப் பதினாறு ரூபாய் ஐம்பது காசு. அம்மா கணக்குப்படி, ஆகியிருக்க வேண்டியது ஐம்பது காசு.